ரேடியேட்டரில் ஏர் எடுக்க வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்று இருக்கிறது, கீழே கை வைத்தால் சுடுகிறது. உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லி, அதற்கான குட்டிச் சாவியையும் வாங்கி வந்து, மேல் மூலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திறக்கிறீர்கள். சத்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை. இன்னும் அரைச்சுற்று திருகுகிறீர்கள். அப்போதும் ஒன்றுமில்லை.

தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். நான் முதல்முறை நிறுத்தவில்லை. மரை முடிந்து ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது, ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த துரு அதே நொடியில் விலகியது, மை மாதிரி கறுப்புத் தண்ணீர் தரைவிரிப்பில் பாய்ந்தது. விழுந்த ஸ்க்ரூவை ஒரு கையால் தேடிக்கொண்டே இன்னொரு கையின் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துப் பிடித்திருந்தேன். அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. இதை எழுதுவதே வேறு யாருக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காற்று தானாக வெளியே வராது. அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் தள்ளினால்தான் வரும். குழாயில் தண்ணீர் நின்று மறுபடி வரும்போது முதலில் புஸ் புஸ்ஸென்று காற்று வந்து, பிறகு தண்ணீர் வருமே, அதே கதைதான். ஆகவே ஏர் ஸ்க்ரூவைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு: பின்னால் தள்ளுவதற்குத் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால், அது வரும் வழி எங்கே அடைபட்டிருக்கிறது? பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும், ஆனால் எல்லோரும் ஸ்க்ரூவோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

முதலில், இது எந்த மாதிரி ரேடியேட்டர்?

இங்கே சொல்வதெல்லாம் பாய்லரில் சூடாகும் தண்ணீர் பம்ப் மூலம் வீடு முழுக்கச் சுற்றிவரும் வகைக்கு மட்டும். சுவரில் பிளக் சொருகி வைக்கிற எண்ணெய் ரேடியேட்டர் முழுக்க மூடி சீல் செய்யப்பட்டது, அதில் ஏர் எடுக்கும் வேலையே கிடையாது, எதையும் திறக்காதீர்கள். பழைய கட்டிடங்கள் சிலவற்றில் நீராவியில் ஓடும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் உண்டு. பக்கவாட்டில் தோட்டா மாதிரி ஒரு சின்ன உலோகக் குமிழ் பொருத்தி, அது தானாகவே காற்றை விட்டுக்கொண்டிருக்கும். அதுவும் இந்தக் கணக்கில் வராது, நீராவி கையை வேகவைத்துவிடும். அடுக்குமாடிக் கட்டிடம் முழுவதற்கும் ஒரே பாய்லர் என்றால் உங்கள் வீட்டு ரேடியேட்டரில் கொஞ்சம் காற்றை எடுக்கலாம், ஆனால் பிரஷரை ஏற்றி இறக்குவது கட்டிட நிர்வாகத்தின் வேலை.

அடுத்து, எங்கே குளிர்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். மேலே குளிர்ச்சி, கீழே சூடு என்றால் காற்று. மேலே சூடு, கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ச்சி என்றால் அது காற்றே இல்லை, அடியில் கசடு படிந்திருக்கிறது, நீங்கள் எவ்வளவு ஏர் எடுத்தாலும் அது மாறாது. ரேடியேட்டர் முழுக்கவே குளிர்ந்து கிடந்தால் வால்வு மூடியிருக்கலாம், ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது காற்று அந்த அளவுக்கு நிரம்பியிருக்கலாம். இந்தத் தடவிப் பார்க்கும் வேலைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும், அரைநாள் வீண் உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஹீட்டிங்கை அணைத்துவிட்டு உட்காருங்கள்

அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். உள்ளே ஓடும் தண்ணீர் 60, 70 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், முகத்துக்கு நேரே தெறித்தால் விளையாட்டில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை: பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது சுற்றின் சில இடங்களில் அது தண்ணீரை உறிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ரேடியேட்டரைத் திறந்தால் காற்று வெளியே வருவதற்குப் பதில் வெளிக்காற்று உள்ளே போகும். அப்புறம் இருந்ததைவிட மோசமாகிவிடும்.

ஆறும் நேரத்தில் பொருட்களை எடுத்து வையுங்கள். ரேடியேட்டர் சாவி (சதுரத் தலை ஸ்க்ரூவுக்கு, சில ரேடியேட்டர்களுக்குத் தட்டை ஸ்க்ரூடிரைவர் போதும்), இரண்டு பழைய துண்டு, ஒரு கிண்ணம், டார்ச், ஒரு தையல் ஊசி, காகிதம், பேனா. ஒரு துண்டைத் தரையில் விரியுங்கள், இன்னொன்றை ஸ்க்ரூவுக்குப் பின்னால் சுவரோரம் சொருகுங்கள்.

ஏர் ஸ்க்ரூ எது என்பதிலும் குழம்ப வேண்டாம். மேல் மூலைகள் இரண்டிலும் ஏதோ ஒன்று இருக்கும். ஒன்று வெறும் அடைப்பான், பெரிய தலையோடு இருக்கும், அதைத் தொடவே கூடாது. இன்னொன்றின் நடுவில் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னச் சதுர முனையோ ஒரு கோடு போட்ட ஸ்க்ரூவோ தெரியும், பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டையும் இருக்கும். அதுதான். சிலவற்றில் ஓட்டை இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் வளையம் கையால் சுழலும், ஓட்டை கிண்ணத்தைப் பார்த்து இருக்குமாறு திருப்பிக்கொள்ளுங்கள்.

பிரஷர் மீட்டர்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

இப்போது ஸ்க்ரூவை விட்டுவிட்டு பாய்லர் பக்கம் போங்கள். முன்பக்கத்திலோ அடியிலோ வட்டமாக ஒரு மீட்டரோ, எண் காட்டும் திரையோ இருக்கும். எல்லாம் ஆறியிருக்கும்போது அது பொதுவாக 1 முதல் 1.5 பார் (பிரஷரை அளக்கும் அலகு) வரை காட்ட வேண்டும். ஒன்றுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் தேடிய காரணம் அநேகமாக இதுதான்.

கணக்கு எளிது. தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய 1 பார் பிரஷர் வேண்டும். பாய்லர் கீழே இருக்கிறது, மீட்டருக்கும் மாடியில் இருக்கும் ரேடியேட்டரின் மேல் முனைக்கும் 6 மீட்டர் உயர வித்தியாசம் என்று வையுங்கள். அங்கே வரை தண்ணீர் போய் நிற்கவே 0.6 பார் வேண்டும். மீட்டர் 0.5 காட்டுகிறது என்றால்? மேலே திறந்தால் தள்ள ஆளில்லை, மாறாக அங்கிருக்கும் தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும், ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சும். கீழ்த்தளத்தில் நன்றாக ஏர் வந்தது, மாடியில் மட்டும் வரவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் கேட்பது மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்றுதான்.

உள்ளே உறிஞ்சுகிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் ஒரு துணுக்கைக் கிழித்து, திறந்த ஓட்டைக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடியுங்கள். காகிதம் விலகிப் பறந்தால் காற்று வெளியே வருகிறது. ஓட்டையோடு போய் ஒட்டிக்கொண்டால் உள்ளே இழுக்கிறது, உடனே மூடுங்கள். அசையாமல் தொங்கினால் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது பிரஷர் சரியாக அந்த உயரத்துக்கே தீர்ந்துபோயிருக்கிறது.

பிரஷர் ஏற்றுவது எப்படி? பாய்லருக்கு அடியிலோ பக்கத்திலோ வெள்ளி நிறத்தில் பின்னல் போட்ட ஒரு குழாய், அதன் முனையில் சின்ன வால்வுகள், இதுதான் தண்ணீர் நிரப்பும் இணைப்பு. சில பாய்லர்களில் குழாய்க்குப் பதில் உள்ளேயே ஒரு நெம்புகோலோ சாவியோ இருக்கும், பாய்லரோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். வால்வுகளை மெதுவாகத் திறங்கள், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், மீட்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், 1.3 அல்லது 1.5 வந்ததும் இறுக்கி மூடுங்கள். மூட மறந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும், வழக்கமாக 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டும். ஒருமுறை கொட்டிய வால்வு அதன்பிறகு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருப்பதும் நடக்கும், அதனால் இதில் அவசரம் வேண்டாம்.

இன்னொன்று. காற்றை எடுக்க எடுக்க பிரஷர் இறங்கும். முதல் இரண்டு ரேடியேட்டரில் ஜோராக வந்தது, மூன்றாவதில் திடீரென்று நின்றுவிட்டது என்றால் ஸ்க்ரூவில் கோளாறு இல்லை, மீட்டரைப் போய்ப் பாருங்கள், மறுபடி ஏற்றிவிட்டுத் தொடருங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரை மீட்டர் பக்கத்தில் நிற்கச் சொல்வது நல்லது.

மீட்டரே இல்லை என்றால்

பழைய அமைப்புகளில் பிரஷர் மீட்டர் இருக்காது, பதிலாகக் கூரைக்கு அடியில் பரணில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி, வால்வு திறந்து, தானாக நிரம்ப வேண்டும். ஆனால் இந்தத் தொட்டியை வருடக்கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, மிதவை மேலேயே ஒட்டிக்கொண்டுவிடும், தொட்டி காலியாகிவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். தொட்டி வறண்டு கிடந்தால் மிதவையின் கையை மெல்ல மேலும் கீழும் அசைத்தாலே பல நேரம் தண்ணீர் வந்துவிடும். தொட்டியில் தண்ணீர் இருந்தும் கீழே ரேடியேட்டரில் ஒன்றும் வரவில்லை என்றால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஹீட்டிங் குழாயோடு சேரும் இடத்தில் கசடு அடைத்திருக்கலாம். அந்தக் கசடு இரும்புத் துரு என்பதால் வெளியிலிருந்து காந்தத்தை வைத்தால் செப்புக் குழாயின் மேல் ஒட்டும். செப்பில் காந்தம் ஒட்டாது, ஆகவே ஒட்டினால் அடைப்பு அங்கேதான். குழாயை வெட்டி மாற்றுவதுதான் அதற்கு வழி, பிளம்பரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

பிரஷர் சரி, இருந்தும் வரவில்லை

இப்போது வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்க்கலாம். ரேடியேட்டரின் இரண்டு அடி மூலைகளிலும் ஒவ்வொரு வால்வு இருக்கும். ஒன்றில் எண்கள் போட்ட தலை, அறையின் சூட்டைப் பார்த்துத் தானாகத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு. மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக் மூடி போட்டது, லாக்ஷீல்டு என்பார்கள், எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று ஒருமுறை அளந்து வைத்துவிட்டு விடுவது. ரேடியேட்டர் சூடாக இரண்டும் திறந்திருக்க வேண்டும், ஆனால் ஏர் எடுக்க ஏதாவது ஒன்று திறந்திருந்தாலே போதும். இரண்டும் மூடியிருந்தால் ஸ்க்ரூவைத் திறந்ததும் ஒரு வினாடி 'ஸ்ஸ்' என்று வந்து அப்படியே அடங்கிவிடும். பெயின்ட் அடிக்கும்போது ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் இரண்டையும் மூடிவிட்டு மறந்துபோவது சர்வ சாதாரணம்.

தெர்மோஸ்டாட் தலையை இருப்பதிலேயே பெரிய எண்ணுக்குத் திருப்புங்கள். அப்போதும் பயனில்லை என்றால் தலைக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் தளர்த்தித் தலையை மட்டும் எடுத்துவிடுங்கள், தண்ணீர் வராது. உள்ளே ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். கோடை முழுக்க மூடியே கிடந்த வால்வில் இந்த ஊசி உள்ளே போன நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வால்வின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, அழுத்தி அழுத்தி விடுங்கள். குறடால் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி கையோடு வந்தால் தண்ணீரும் கூடவே வரும்.

இரண்டும் திறந்துதான் இருக்கிறது என்றால் சந்தேகம் ஏர் ஸ்க்ரூவின் ஓட்டை மேல் விழுகிறது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் ரேடியேட்டருக்கும் அடித்திருப்பார்கள், ஓட்டை மேல் நாலு படலம் ஏறியிருக்கும். ஸ்க்ரூ அரைச்சுற்று திறந்த நிலையிலேயே தையல் ஊசியை ஓட்டையில் விட்டு மெல்லக் குடையுங்கள், முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு. பெயின்ட் என்றால் இதிலேயே விட்டுவிடும், 'ஸ்ஸ்' என்ற அந்தச் சத்தம் கேட்டதும் வருகிற நிம்மதி தனி. ஊசிக்கு மசியவில்லை என்றால் அடைப்பு உள்பக்கம் இருக்கிறது, ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றித்தான் ஆக வேண்டும். நான் முதல்முறை தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்தே, முறையாகச் செய்யப்போகிறீர்கள்.

முறை என்பது இதுதான். தெர்மோஸ்டாட் தலை உறைபனிக் குறியில் (நட்சத்திரம் மாதிரி இருக்கும் பனிப்படம்) நின்றால் முழுதாக மூடாது, ஆகவே பூஜ்ஜியம் இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் தலையைக் கழற்றிவிட்டு வால்வின் ஊசியை அழுத்திப் பிடிக்கும் மூடியைத் திருகிப் போடுங்கள். லாக்ஷீல்டின் பிளாஸ்டிக் மூடியை எடுத்து, ஸ்பேனரால் வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள், எத்தனை சுற்று, எத்தனை கால்சுற்று என்று எண்ணிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பத் திறக்கும்போது அதே எண்ணிக்கை இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த ரேடியேட்டர் கொதிக்கும், பக்கத்து அறையில் இருப்பது குளிரும். இரண்டும் மூடிய பிறகு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஏர் ஸ்க்ரூவை வெளியே எடுங்கள். கொஞ்சம் தண்ணீர் வழியும், அதற்குமேல் வராது. வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு வால்வு மூடவில்லை, உடனே ஸ்க்ரூவைத் திரும்பப் போடுங்கள். ஸ்க்ரூவின் முனையில் இருக்கும் துருவைத் துடைத்து, அது உட்காரும் துளையைத் தையல் ஊசியால் சுத்தம் செய்து, திரும்பப் பொருத்தி, லாக்ஷீல்டை மட்டும் முதலில் மெல்லத் திறந்து, ஏர் எடுத்துப் பாருங்கள்.

சதுர முனை மழுங்கிப்போய்ச் சாவி வழுக்குகிறதா? துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள், பிறகு முனையைக் கவ்விப் பிடிக்கும் பூட்டுக் குறடால் மெதுவாகத் திருப்புங்கள். திரும்பிவிட்டால் அந்த ஸ்க்ரூவை மறுபடி நம்பாதீர்கள், புதிதாக மாற்றிவிடுங்கள்.

கடைசியாக யாரும் எதிர்பார்க்காத ஒன்று: ரேடியேட்டர் சாய்ந்திருப்பது. காற்று எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தில் போய் நிற்கும். ஏர் ஸ்க்ரூ இருக்கும் முனை மறுமுனையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தால், ஸ்க்ரூவிலிருந்து தண்ணீர் வந்துவிடும், நீங்களும் முடிந்தது என்று மூடிவிடுவீர்கள், ஆனால் காற்று அந்தப் பக்கத்து மூலையில் அப்படியே இருக்கும். ரசமட்டத்தை மேலே வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் சுவரில் மாட்டியிருக்கும் தாங்கியைச் சரிசெய்து, ஸ்க்ரூ பக்கம் ஒரு துளி உயர்ந்திருக்குமாறு செய்வதுதான் நிரந்தரத் தீர்வு.

வந்துகொண்டே இருக்கிறது, அல்லது திரும்பத் திரும்ப வருகிறது

இதுவரை சொன்னதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, ஆனால் இது இன்னும் கவனிக்க வேண்டியது. புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதில் கரைந்திருக்கும் காற்று சூடானதும் பிரியும், ஆகவே ஓரிரு நாள் கழித்து மறுபடி கொஞ்சம் எடுக்க வேண்டியிருப்பது இயல்பு. ஆனால் வாராவாரம் அதே ரேடியேட்டரில் காற்று சேர்கிறது என்றால் இரண்டில் ஒன்று. எங்கேயோ கசிகிறது, பிரஷர் இறங்குகிறது, நீங்கள் ஏற்றுகிறீர்கள், புதுத் தண்ணீரோடு புதுக் காற்றும் போகிறது. வால்வுகளின் மூட்டுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். அல்லது உள்ளே இரும்பு அரிக்கப்படுகிறது. அப்போது சேர்வது காற்றே இல்லை, ஹைட்ரஜன் வாயு. அது தீப்பிடிக்கும், அதனால் ஏர் எடுக்கும்போது பக்கத்தில் சிகரெட்டோ மெழுகுவத்தியோ இருக்கவே கூடாது. ஸ்க்ரூவிலிருந்து வரும் தண்ணீர் கறுப்பாக இருந்தால் அது அரிப்பின் அடையாளம். அமைப்பு முழுவதையும் அலசிக் கழுவி, துருத்தடுப்பு மருந்து கலந்த தண்ணீரை நிரப்ப வேண்டும். வாரந்தோறும் புதுத் தண்ணீர் ஏற்றுவது ஏற்கெனவே இருக்கும் மருந்தையும் நீர்த்துப்போகச் செய்து அரிப்பை வேகப்படுத்தும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஹீட்டிங் ஓடும்போது மீட்டர் 3 வரை ஏறி, ஆறியதும் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறதா? சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக் கலன் பழுதாகியிருக்கிறது. அது பாய்லர் டெக்னீஷியன் வேலை. பாய்லரின் உறையை நீங்களாகக் கழற்றுவது எந்த நிலையிலும் வேண்டாம், உள்ளே எரிவாயு இருக்கிறது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே எதையும் கழற்றுங்கள்.

எல்லாம் சரியாகி, 'ஸ்ஸ்' அடங்கி, துளித்துளியாகத் தெறித்து, பிறகு சீராகத் தண்ணீர் வந்ததும் ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகி மூடுங்கள். இறுக்கம் மிதமாகப் போதும், பல்லைக் கடித்து முறுக்கினால் மரை போய்விடும். கீழ்த்தளத்தில் ஆரம்பித்து மேலே போங்கள். முடிந்ததும் மீட்டரைப் பார்த்து 1 முதல் 1.5-க்குள் கொண்டுவந்து, ஹீட்டிங்கைப் போட்டு, அரைமணி கழித்து ஒவ்வொரு ரேடியேட்டரின் மேல் விளிம்பையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பாருங்கள். அன்றிரவு படுக்கும் முன் ஒவ்வொரு ஏர் ஸ்க்ரூவுக்கும் அடியில் ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். காலையில் எந்தக் காகிதம் ஈரமாக இருக்கிறதோ அந்த ஸ்க்ரூவுக்கு இன்னும் கால்சுற்று பாக்கி.